குறுக்கு விசாரணை இல்லாத சாட்சி

என்னுடைய முதல் சாட்சியை 2009ஆம் ஆண்டு ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில் சொன்னேன். நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹால். எனக்கு வயது இருபத்தொன்று. மேடை ஏறும் முன் முகாமை நடத்திய அண்ணன் ஒருவர் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தார். "மூணு நிமிசம்தான் மக்கா. முன்ன நீ எப்படி இருந்த, ஆண்டவர் என்ன செஞ்சாரு, இப்ப எப்படி இருக்க. இத மட்டும் சொல்லு. வளவளன்னு இழுக்காத."

நான் இழுக்கவில்லை. இன்ஜினியரிங்கில் நான்கு அரியர் வைத்திருந்தேன். ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு இருபத்தொரு நாள் காலைச் சாப்பாட்டை விட்டு உபவாச ஜெபம் செய்தேன். அரியர் எல்லாம் ஒரே செமஸ்டரில் கிளியர் ஆனது. கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த வருடம் அது. பலருக்கும் வேலையில் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனபோது எனக்குச் சொன்ன தேதியில் கடிதம் வந்தது. ஹால் முழுக்க "ஆமென்" என்றது. யாரோ கீபோர்டில் மெல்ல வாசித்தார்கள். எனக்கே கண்ணீர் வந்தது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மூன்றாவது வரிசையில் என் ஹாஸ்டல் ரூம்மேட் உட்கார்ந்திருந்தான். அந்த இருபத்தொரு நாளும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் காலைச் சாப்பாட்டை விட்டோம். சேர்ந்துதான் முழங்கால் போட்டோம். அவனுக்கு ஒரு அரியர்கூடக் கிடையாது. அதே கேம்பஸ் இன்டர்வியூவில் அவனுக்கும் வேலை கிடைத்தது. கடிதம் மட்டும் வரவில்லை. அன்றைக்கு அவனும் எனக்காகக் கைதட்டினான்.

அதற்குப் பிறகு அவன் முகாமுக்கு வரவில்லை. ஒரு வருடத்தில் சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். ஏழெட்டு வருடம் கழித்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கோபமே இல்லாமல் சொன்னான்: "நீ பொய் சொல்லலடே. ஆனா அந்தக் கதையில நானும் இருந்தேம்லா. என்னையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்."

அன்று அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் இன்னும் சபைக்குப் போகிறவன். சாட்சி சொல்வதே மூளைச்சலவை, அதை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நாம் இன்று மேடையில் சொல்வது சாட்சியே கிடையாது, அதற்கு வேறு பெயர் வையுங்கள் என்று சொல்ல வருகிறேன். சாட்சி என்ற வார்த்தையை அதன் சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

*

சாட்சி என்பது கோர்ட்டு வார்த்தை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். சாட்சிக்கு அங்கே வரும் சொல் மார்டிஸ். வழக்கில் கண்டதைச் சொல்பவர் என்றுதான் அதற்குப் பொருள். அப்படிச் சொன்னதற்காகவே ஆட்கள் கொல்லப்பட்ட பிறகு அதே சொல்லுக்கு இரத்தசாட்சி என்ற பொருளும் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் 'மார்ட்டர்' என்று சொல்கிறோமே, அது இதன் பேரப்பிள்ளை.

கோர்ட்டில் சாட்சிக்கு என்ன நடக்கிறது? பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். யாரோ சொல்லக் கேட்டது செல்லாது. ஒரு பகுதியை மறைத்தால் அதுவும் குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று கேள்வி கேட்பார். அந்தக் குறுக்கு விசாரணையில் நின்றால்தான் சாட்சியத்துக்கு மதிப்பு.

இப்போது நம் சபைகளின் சாட்சி நேரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று நிமிடம். முன்பு, நடுவில், பின்பு. கேள்வி கேட்க யாருக்கும் அனுமதி கிடையாது. கேட்டால் 'அவிசுவாசம்'. விடுபட்டது என்ன என்று கேட்கப் பின்னணியில் ஓடும் கீபோர்டே விடாது. முன்பு கஷ்டம், இப்போது சந்தோஷம் என்கிற இந்த அமைப்பை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? முடி வளரும் எண்ணெய் விளம்பரத்தில். இடதுபக்கம் வழுக்கை, வலதுபக்கம் கூந்தல். நடுவில் ஒரு பாட்டில்.

இதில் கிறிஸ்தவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். லிங்க்ட்இன்னைத் திறந்தால் முழுக்க முழுக்கச் சாட்சிதான். "இருநூறு இடத்தில் நிராகரிக்கப்பட்டேன், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தேன், இன்று இந்த நிறுவனத்தில் இருக்கிறேன்." நாலு மணிக்கு எழுந்தும் வேலை கிடைக்காதவர் அங்கே போஸ்ட் போடுவதில்லை. நம் இலக்கியக் கூட்டங்களிலும் "அந்த ஒரு நாவல் என் வாழ்க்கையை மாற்றியது" என்று நாம் சொல்லும் சாட்சிகளுக்குக் குறைவில்லை. அதே நாவலைப் படித்துவிட்டு அப்படியே இருக்கும் ஆட்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் லிங்க்ட்இன்காரர் கடவுளைச் சாட்சிக்கு இழுப்பதில்லை. நாங்கள் இழுக்கிறோம். அதனால் எங்களுக்குப் பொறுப்பு கூடுதல்.

*

இந்தச் சிக்கல் கிறிஸ்தவத்தைவிடப் பழையது. ரோமானிய எழுத்தாளர் சிசரோ, தியாகோரஸ் என்ற நாத்திகரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். கடவுளுக்கு நேர்ந்துகொண்டு புயலிலிருந்து பிழைத்தவர்கள் கோயிலில் காணிக்கையாக வைத்த படங்களை ஒருவர் அவருக்குக் காட்டுகிறார். இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்களே, இன்னுமா நம்பவில்லை என்று கேட்கிறார். முழுகிப்போனவர்களின் படம் எங்கே என்று தியாகோரஸ் திருப்பிக் கேட்கிறார்.

வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் அங்குள்ள காணிக்கை அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பார்கள். உலோகத்தில் செய்த கண், கை, கால், இதயம், வீடு, படகு. கூடவே நன்றிக் கடிதங்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும். ஒவ்வொரு சின்ன உருவத்துக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் தூங்காத இரவுகள் இருக்கின்றன. தியாகோரஸின் கேள்வியோடு அங்கே போய் யாரையும் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அந்தக் கேள்வியை மறந்துவிட்டுப் போகவும் முடியவில்லை. அதற்குக் காரணம் ஒக்கி.

2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. தூத்தூர், சின்னத்துறை, நீரோடி, வள்ளவிளை என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். கடலுக்குப் போனவர்களில் சிலர் நாள்கணக்கில் மிதந்து, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு உயிரோடு திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பிழைத்தவர் வீட்டிலும் ஜெபமாலை உருண்டது. போனவர் வீட்டிலும் உருண்டது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில்தான் முழங்கால் போட்டார்கள்.

திரும்பி வந்தவர் கடவுளுக்கு நன்றி சொல்வதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தப்பு ஒரே ஒரு வார்த்தையில் நுழைகிறது. 'அதனால்.' ஜெபித்தேன், அதனால் பிழைத்தேன். அந்த 'அதனால்' வாயிலிருந்து விழுந்த நொடியில், பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் விதவைக்கு ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. உன் ஜெபம் போதவில்லை. உன் வீட்டுக்காரர் விசுவாசம் போதவில்லை. சொன்னவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். ஆனால் கேட்டவருக்கு அப்படித்தான் கேட்கும். என் ரூம்மேட்டுக்கு அப்படித்தான் கேட்டது.

நன்றி சொல்ல எந்தத் தத்துவமும் தேவையில்லை. 'அதனால்' சொல்ல வேண்டுமென்றால் மட்டும் கடவுளின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

நான் வேலை செய்யும் துறையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சர்வர் விழுந்து, ராத்திரி முழுக்க முட்டிமோதி அதைத் தூக்கி நிறுத்திய பிறகு, என்ன நடந்தது என்று ஓர் அறிக்கை எழுதுவோம். அதற்குப் பெயரே போஸ்ட்மார்ட்டம். எது சரியாக நடந்தது, எது தப்பாகப் போனது என்று தலைப்புகள் இருக்கும். பல இடங்களில் மூன்றாவதாக ஒரு தலைப்பும் உண்டு: எங்கே நமக்கு வெறும் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. அனுபவசாலிகள் அந்த மூன்றாவது பகுதியைத்தான் முதலில் படிப்பார்கள். ஏனென்றால் அங்கேதான் பெருமைக்கு இடமில்லை.

கிறிஸ்தவத்தில் அந்த மூன்றாவது தலைப்புக்கு இரண்டாயிரம் வருடமாக ஒரு சொல் இருக்கிறது. கிருபை. தகுதி பார்க்காமல் கிடைப்பது கிருபை. உழைத்ததற்குக் கிடைப்பது கூலி. நான் இருபத்தொரு நாள் பட்டினி கிடந்தேன், அதற்கு வேலை கிடைத்தது என்று சொன்னபோது கிருபையைக் கூலியாக்கிவிட்டேன். சீர்திருத்தச் சபைகள் எல்லாம் எந்த ஒரு விஷயத்துக்காக ரோமோடு சண்டை போட்டுப் பிரிந்து வந்தனவோ, அதையே மூன்று நிமிடத்தில் கவிழ்த்துவிட்டு இறங்கினேன். ஹால் "ஆமென்" சொன்னது.

*

"வேதத்திலேயே சாட்சி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடர் ஒருவருக்குப் பார்வை கிடைக்கிறது. அந்த அதிகாரத்தில் அற்புதம் சில வசனங்களில் முடிந்துவிடும். மிச்சம் பெரும்பாலும் குறுக்கு விசாரணை. அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், பரிசேயர் கேட்கிறார்கள், பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பெற்றோர் பயந்துபோய், பையனுக்கு வயசாகிவிட்டது, அவனையே கேளுங்கள் என்று நழுவுகிறார்கள். திரும்பவும் அவரைக் கூப்பிடுகிறார்கள். உன்னைக் குணமாக்கினவன் பாவி என்று நெருக்குகிறார்கள். அதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்கிறார் அவர். முன்பு பார்வை இல்லை, இப்போது இருக்கிறது, அந்த ஒன்றுதான் தெரியும் என்கிறார். கடைசியில் அவரை வெளியே தள்ளுகிறார்கள்.

எனக்குத் தெரிந்து உலகத்தின் மிகச் சிறந்த சாட்சி இதுதான். அதில் 'தெரியாது' இருக்கிறது. கேள்விகள் இருக்கின்றன. சொன்னதற்கு ஒரு விலை இருக்கிறது. நம் மேடைச் சாட்சியில் இந்த மூன்றில் எது இருக்கிறது?

சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புலம்பல்களும் முறையீடுகளும் பெரிய பங்கு. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். எண்பத்தெட்டாவது சங்கீதம் திரும்புவதில்லை. அது இருட்டிலேயே முடிகிறது. தொகுத்தவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை, ஒரு நல்ல முடிவும் ஒட்டவில்லை. பவுல் தன் உடம்பில் இருந்த ஒரு முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டதாக எழுதுகிறார். எடுக்கப்படவில்லை, அதையும் எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கெத்செமனே இருக்கிறது. பாத்திரம் நீங்க வேண்டும் என்று இயேசுவே ஜெபித்தார். நீங்கவில்லை. மறுநாள் சிலுவை.

இன்றைக்கு நம் கன்வென்ஷன் பந்தலில் ஒருவர் எழுந்து, "வியாழக்கிழமை ராத்திரி ரத்தம் சிந்துகிற மாதிரி ஜெபிச்சேன், கேட்டது கிடைக்கல" என்று சொன்னால் மைக்கை எவ்வளவு நேரம் அவர் கையில் விட்டுவைப்போம்?

*

மைக்கை விட்டுவைப்பார்களா என்பது எனக்குத் தெரியும். என் அம்மா கையில் அது இருந்திருக்கிறது.

2016இல் அம்மாவுக்கு மார்பில் கட்டி. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன், பிறகு கீமோ. அம்மா பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் ஒரு ஸ்தோத்திரக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் வீட்டுக்கு வந்த ஒரு மூப்பர், மாமா முறை வேண்டும், பக்குவமாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரி விஷயத்தச் சுருக்கிச் சொல்லுங்க. கர்த்தர் செஞ்சத விரிவாச் சொல்லுங்க." அம்மா தலையாட்டினாள். மறுநாள் மைக்கைப் பிடித்து இப்படிச் சொன்னாள். அன்றைக்கு ராத்திரியே இதை எழுதிவைத்தேன்.

"எனக்குச் சொகமாயிட்டு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆறு கீமோ எடுத்தேன். டாக்டர் பிள்ளைங்க நல்லாப் பாத்துக்கிட்டாவ. நாலாவது கீமோ முடிஞ்ச ராத்திரி முடியல. என்னைய எடுத்துக்கிடும்னு ஆண்டவர்கிட்ட சண்ட போட்டேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ள கிடந்துது. முப்பத்தெட்டு வயசு. என்னைய விட அது நல்லா ஜெபிக்கும். அன்னைக்கு ராத்திரி எனக்கும் சேத்து அதுதான் ஜெபிச்சுது. அது போயிட்டு. நான் இருக்கேன். ஏன்னு எனக்குத் தெரியல. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு மக்க உண்டு. எல்லாரும் அதுகளுக்காக ஜெபிச்சுக்கிடுங்க."

ஒரு "ஆமென்" வரவில்லை. இரண்டு நொடி அமைதி. உடனே முன்னால் நின்றவர்கள் ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அந்த மாமா வந்து, "சபையை ஊக்கப்படுத்துற மாதிரி சொல்லியிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. கேட்பவர் விசுவாசம் குலைந்துவிடக் கூடாதே என்கிற பயம்.

குலைந்ததா? எங்கள் தெருவில் ஓர் அத்தை இருந்தார். முந்தின வருடம் பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர். சபைக்கு வருவார், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லும் முன்பே எழுந்து போய்விடுவார். யாரோடும் பேச்சு கிடையாது. அம்மா சாட்சி சொன்ன அன்றைக்கு அவர் போகவில்லை. வாசலில் காத்திருந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, ஜெபிக்கணும்" என்றார். அம்மா போனாள். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள்.

அதுவரை அந்தச் சபையில் சொல்லப்பட்ட ஜெயமான சாட்சிகள் எல்லாம் சேர்ந்து அந்த அத்தையைக் கடைசி வரிசையை விட்டு ஒரு வரிசைகூட முன்னால் நகர்த்தவில்லை. அம்மாவை அதற்குப் பிறகு யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை என்பதையும் இதே இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன்.

*

நாம் சாட்சியிலிருந்து வெட்டி எறிவது தோல்வியை மட்டுமா? இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பேசக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குமரி மாவட்டத்தில் சீர்திருத்தச் சபை ஒரு சாட்சியில்தான் தொடங்கியது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தேடியது கிடைக்காமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்கு வந்தார். கண்டதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னார். லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வருவதற்கு முன்பே அங்கே ஒரு சாட்சி இருந்தார். அவருக்குப் பின்னால் அமைப்பும் இல்லை, கீபோர்டும் இல்லை. எதிர்ப்பு மட்டும் இருந்தது.

அடுத்த ஐம்பது வருடத்தில் தோள்சீலைப் போராட்டம். ரவிக்கை போட்டதற்காகப் பெண்களைச் சந்தையில் மறித்து அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். மிஷன் வீடுகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. 1859இல் மகாராஜாவின் பிரகடனம் வரும் வரை இது ஓயவில்லை. அந்தப் பெண்கள் மேடை ஏறிச் சாட்சி சொல்லவில்லை. சந்தைக்குப் போட்டுக்கொண்டு போன துணிதான் சாட்சி. முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்பது அவர்கள் உடம்பின் மேலேயே தெரிந்தது. அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளான நாம் இன்று என்ன சாட்சி சொல்கிறோம்? குடியை விட்டேன், சிகரெட்டை விட்டேன், சினிமாவை விட்டேன். "சாதியை விட்டேன்" என்று ஒருவர் மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. முப்பத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. மறுபடியும் பிறந்தவர்களின் கல்யாண விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். "அபிஷேகிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் தேவை." அதற்கு முந்தின வரியிலேயே சாதிப் பெயர். மறுபடியும் பிறந்தும் அதே சாதியில்தான் பிறந்திருக்கிறார்கள். பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் இருக்கிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் எழுந்திருக்கும்போதும் பக்கத்தில் யார் எழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

சிகரெட்டை விட்டால் நுரையீரலுக்கு நல்லது, ஊரும் பாராட்டும். சாதியை விட்டால் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வரமாட்டார். செலவில்லாத சாட்சிகளை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறோம். மகாராசன் மயிலாடியில் தொடங்கியதை நாம் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

*

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்படிப் போடு" என்று சந்தோஷப்படும் நண்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடமும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது.

ஒருவர் தன் வாழ்க்கையில் கடவுள் என்ன செய்தார் என்று இன்னொருவரிடம் சொல்வது உங்களுக்கு ஏன் இவ்வளவு கூச்சத்தைத் தருகிறது? மார்க்ஸ் மாற்றினார், பெரியார் மாற்றினார், தல்ஸ்தோய் மாற்றினார் என்றால் ஆர்வமாகக் கேட்கிறீர்கள். வீட்டுவேலை செய்யும் ஓர் அக்கா இயேசு மாற்றினார் என்றால் மட்டும் 'பாவம், யாரோ ஏமாத்திட்டாங்க' என்று முகம் மாறுகிறது. அவருக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்பது உங்கள் முடிவு. பண்டித ரமாபாயின் சாட்சியைப் படியுங்கள். சமஸ்கிருதம் கற்றவர், பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர், 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். பெற்ற பிறகும் சபைக் குருமார்களோடு கடிதம் கடிதமாக வாதம் செய்தார். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் தான் தேடியது பல வருடம் கிடைக்கவில்லை என்பதை 1907இல் வெளியிட்ட சாட்சியில் அவரே ஒத்துக்கொள்கிறார். யாரும் ஏமாற்ற முடியாத ஆள் அவர். கேள்வி கேட்பதும் நம்புவதும் ஒரே மண்டைக்குள் இருக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அடுத்தது, சாட்சியையே குற்றமாகப் பார்க்கிறவர்கள். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்க மட்டுமல்லாமல் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது, தன் மதத்தின் கருத்தை எடுத்துச் சொல்லும் உரிமைதான் என்று வரையறுத்தது. அப்படியானால் எடுத்துச் சொல்வதாவது மிஞ்சுகிறது அல்லவா? தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் வேறு மாநிலங்களில் புதிய சட்டங்கள் வந்தபடி இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டம், ஆசை காட்டுதல் என்பதற்குள் 'மேம்பட்ட வாழ்க்கை முறை'யையும் சேர்த்திருக்கிறது. தன் வாழ்க்கை மேம்பட்டது என்று ஒருவர் சொல்வதே ஆசை காட்டுவதாகிவிடும் என்றால் வாயைத் திறக்கவே வழியில்லை. இந்தச் சட்டங்களை நான் எதிர்க்கிறேன்.

ஆனால் என் சபைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் இருந்தேன், இப்போது சொந்த வீடு, காணிக்கை கொடுத்தேன், கார் வந்தது என்று மேடை போட்டுச் சொல்கிறோமே, அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இதைவிட வசதியாக யார் எடுத்துக் கொடுக்க முடியும்? மகாராசனின் சாட்சியைக் கேட்டு யாருக்கும் ஆசை வந்திருக்காது, பயம்தான் வந்திருக்கும். பிறவிக் குருடரைச் சபையை விட்டே தள்ளினார்கள். கார் வந்த சாட்சி மட்டும்தான் ஆசை காட்டுகிறது.

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டால், நான்கு விஷயம் கேட்கிறேன்.

உங்கள் கதையில் இருந்த எல்லோரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட ஜெபித்தவர், பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர், மருந்து கொடுத்தவர், கடன் கொடுத்தவர். 'அதனால்' என்று சொல்ல வாய் வரும்போது அதை விழுங்கிவிட்டு நன்றி மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் நீட்டுங்கள்.

இவ்வளவு நிபந்தனை போட்டால் யாரும் சாட்சியே சொல்ல மாட்டார்கள் என்று ஒரு பாஸ்டர் என்னிடம் சொன்னார். ஒன்றிரண்டு பேர் குறைவார்கள், போகட்டும். கடைசி வரிசையில் இருந்து சிலர் எழுந்து வருவார்கள்.

போன மாதம் ஊரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். அதே வாலிபர் முகாம், இப்போது அவன்தான் நடத்துகிறான். "அண்ணே, ஐடியில இருக்கீங்க, பசங்களுக்கு ஒரு சாட்சி சொல்லணும்" என்றான். வருகிறேன், ஆனால் சொல்லி முடித்த பிறகு பிள்ளைகள் அரை மணி நேரம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், யாரும் தடுக்கக் கூடாது என்றேன். கொஞ்சம் தயங்கினான். கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

ரூம்மேட்டுக்கும் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, 2009 கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன், உன்னைச் சேர்த்துச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என் பங்க நீ ஏம்டே சொல்லணும்? நானே வந்து சொல்லுதேன்" என்றான். அப்புறம், "பாப்போம்" என்றான்.

அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.